துறைமங்கலத்தில் பார்த்துக் கொடுத்த வீடு

எங்கள் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி நல்லதா கெட்டதா என்பதை மூக்குதான் தீர்மானிக்கும். டாக்டர் எங்கே படித்தார், கைராசிக்காரரா என்பதெல்லாம் அப்புறம். படியேறியதும் மருந்து நெடி சுள்ளென்று ஏற வேண்டும். ஏறினால், "சுத்தமா வச்சிருக்கான்யா" என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே போவார்கள். ஏறாவிட்டால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஒரு வாழைப்பழத் தோல் கிடைத்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் வாலிகண்டபுரம் வரை சேதி போய்விடும்.

பெரம்பலூர் செல்லதுரை டாக்டர் ஆஸ்பத்திரியில் நெடிக்குக் குறைவே இருந்ததில்லை. அதற்குக் காரணம் ஹெட் நர்ஸ் ஹேமலதா. ஆறு வருஷத்துக்கு முன்னால் மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து ஜெயசுதா என்று ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். சிசேரியன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் தையலில் சீழ், பதினோராம் நாள் அவள் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் விளக்கின் கைப்பிடியில் இருந்த கிருமிதான் அவள் ரத்தத்திலும் இருந்தது என்று லேபிலிருந்து பேப்பர் வந்தது. அந்தக் குழந்தையை அதன் அப்பன் கையில் கொடுத்தவள் ஹேமலதா. கொடுக்கும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே இல்லை, பார்க்கிற தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆபரேஷன் முடிந்ததும் ஃபார்மலின் புகை போடாமல் தியேட்டர் பூட்டப்படாது. கதவிடுக்கெல்லாம் பிரவுன் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க உள்ளே புகை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் திறப்பார்கள். அந்தப் புகையில் கொசுகூட உயிரோடு இருக்காது. திறந்து உள்ளே போவது துப்புரவுப் பணியாளர் பூங்காவனத்தின் வேலை.

பூங்காவனத்துக்கு நாற்பத்தாறு வயசு. அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் ரோட்டோரத்து ஊர். ஈரத் துண்டை மூக்கோடு கட்டி, வாசலில் நின்று ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். நெடியை முறிக்க நாலு மூலையிலும் அம்மோனியாக் கிண்ணத்தை வைப்பாள், புகையை வெளியே தள்ளும் காற்றாடியைப் போடுவாள், வெளியே வந்துதான் மூச்சை விடுவாள். "சின்ன வயசுல எங்கூருக் கெணத்துல குடம் வுழுந்தா என்னையத்தான் கூப்புடுவாங்க சிஸ்டர். ஒரே முங்கு. குடத்தோடதான் வருவேன்" என்று சிரிப்பாள். ஒரு மணி நேரம் காற்றாடி ஓடி நெடி போன பிறகு மேஜை, விளக்கு, சுவரெல்லாம் துடைப்பாள். ஆறு வருஷம் அப்படித்தான் போனது, இன்னொரு ஜெயசுதா வரவில்லை.

அந்தக் காற்றாடி தள்ளிய புகை போய் விழுந்த சந்தில் ஜமால் முகமது பிரியாணிக் கடை வைத்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பதினெட்டு வருஷம் சமைத்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கடையில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதார்கள். காரம் ஜாஸ்தி என்று முதலில் சமாளித்துப் பார்த்தார். எத்தனை வாரத்துக்குத்தான் சமாளிப்பார்? மனு எழுதிப் போட்டுவிட்டார்.

மாசு ஆபீஸ் என்று ஜனங்கள் சொல்லும் அலுவலகத்திலிருந்து சுதர்சன் என்று ஒரு இளம் இன்ஜினியர் மீட்டரோடு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அளந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார்.

"இது இருக்க வேண்டிய அளவுக்கு மேல இருக்கு சிஸ்டர். தெருவுல வுடக் கூடாது."

"தெருவுல ரெண்டு பேரு கண்ணு எரியறது உங்களுக்குப் பெருசா இருக்கு சார். உள்ள ஒரு பொண்ணு செத்தா அதுக்கு யாரு நோட்டீஸ் குடுப்பா?"

அவர் கோபப்படவில்லை. "புகைய நிறுத்துங்கன்னு சொல்லலிங்க. மருந்த மாத்துங்க. பெராக்சைடு மிஷின் வந்துருக்கு. கிருமியும் சாவும், காத்தும் கெடாது" என்றார். கிளம்பும்போது நின்று கேட்டார். "கதவ யாரு தொறக்கறது?"

"எங்க ஸ்டாஃப்."

"அவங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா?"

"பழகிடுச்சு சார்."

"இதையும் எழுதணும்னு பாக்குறேன். என் ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் அந்த மிஷினை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். வேலையெல்லாம் செய்தது. லேப் பேப்பரும் சுத்தம் என்றுதான் வந்தது. ஆனால் நெடியே இல்லை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கட்டிலுக்கு அடியில் குனிய ஆரம்பித்தார்கள். அது போகட்டும், ஹேமலதாவே தியேட்டருக்குள் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். "வாசனையே வரல, இது என்னத்தக் கொன்னுச்சுன்னு நம்பறது? ரெண்டு வாரப் பேப்பர வச்சு ஆறு வருஷத்த வுட முடியாது டாக்டர்" என்றாள். இத்தனை படித்தவளும் கடைசியில் மூக்கைத்தான் நம்பினாள்.

"நீ சொன்னா சரி" என்று டாக்டர் மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். தெருவுக்குப் போகும் காற்றாடியைப் பிளைவுட் பலகை வைத்து அடைத்தார்கள். சுதர்சன் மறுபடி வந்து சுவருக்கு அந்தப் பக்கம் அளந்தார். காற்று சுத்தம். அப்படியே எழுதினார், அதில் பொய் ஒன்றுமில்லை. ஜமால் முகமது சந்தோஷப்பட்டு நர்ஸுகளுக்கெல்லாம் ஒரு அண்டா பிரியாணி கொடுத்தனுப்பினார்.

புகை எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் நின்றது. தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. அம்மோனியா வைத்தும் நெடி இறங்க நேரமானது. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் இருக்கிறதே, நெடி போகிற வரைக்கும் காத்திருக்க முடியுமா? நெடியோடே துடைக்க வேண்டியதாயிற்று. ஒரு முங்கில் முடிகிற வேலையா அது? முக்கால் மணி நேரம் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டுதான் பூங்காவனம் துடைத்தாள்.

இரண்டாம் மாதம் இருமல் வந்தது.

அரியலூர்ப் பக்கத்து ஆள் இருமினால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஊரைச் சொன்னால் போதும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முதல் மருந்துக்கடைக்காரர் வரைக்கும், "சிமென்ட் தூசிதான்" என்று ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். வேப்பிலையே அங்கே வெள்ளையாகத்தான் இருக்கும். செல்லதுரை டாக்டரும் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஊரு எது? ஆங், அதான்" என்று சிரப் எழுதினார். பூங்காவனமும் தன் ஊரைத்தான் திட்டினாள்.

ஹேமலதாவுக்குப் பூங்காவனத்தின் மேல் உண்மையிலேயே பிரியம். தன் அம்மா படுக்கையில் கிடந்த நாளில், கூச்சப்படாமல் வந்து குளிப்பாட்டிவிட்டவள் அவள்தான்.

"பூங்காவனக்கா, அந்தத் தூசியில இருந்து ஏன் சாவணும்? இங்கயே வந்துடுங்க. இங்க காத்து நல்லாருக்கு."

"எங்க ஊட்டுக்காரரு வரணுமே சிஸ்டர். ஆட்ட வுட்டுட்டு அந்த மனுசன் சொர்க்கத்துக்குக் கூப்டாலும் வர மாட்டாரு."

ஹேமலதா விடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அலைந்து, துறைமங்கலத்தில் வேப்பமர நிழலோடு ஒரு ஓட்டு வீட்டைப் பார்த்தாள். பூங்காவனத்தின் புருஷன் அங்கமுத்துவைத் தானே நேரில் போய்ப் பார்த்துப் பேசினாள். "உங்க சம்சாரம் நெஞ்சு கெட்டுப்போவுதுங்க. இந்த ஊரு காத்து அவங்களுக்கு ஆகாது" என்றாள். நர்ஸம்மாவே வீடு தேடி வந்து சொன்ன பிறகு அங்கமுத்துவால் மறுக்க முடியவில்லை. ஆட்டை விற்றுவிட்டு, தட்டுமுட்டுச் சாமானோடு பெரம்பலூர் வந்தார். சின்ன வெங்காயம் தரம் பிரிக்கும் களத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளர் ஹேமலதாவுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன காலத்தில், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் பூங்காவனம் தியேட்டர் திறப்பாள். மற்ற ஞாயிறு இன்னொரு துப்புரவுப் பணியாளர் வளர்மதி திறப்பாள். இப்போது வீடு கூப்பிடு தூரம். வளர்மதியும் முழுகாமல் இருந்தாள். "புள்ளத்தாச்சிக்கு எதுக்குப் பொகை? நான் இருக்கேன்ல" என்று எல்லா ஞாயிற்றுக்கிழமையையும் பூங்காவனம் எடுத்துக்கொண்டாள்.

இருமல் குறையவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆரம்பித்தால் புதன் வரைக்கும் விசில் சத்தத்தோடு இழுக்கும். "இருவது வருசத் தூசி, ஒரு மாசத்துலயா போவும்?" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது, ஹேமலதாவும் தலையாட்டினாள்.

சித்திரையில் அரியலூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். பூங்காவனம் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். கையில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பத்து நாள் லீவு சொல்லிவிட்டுப் புருஷனோடு போனாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை யார் தியேட்டர் திறப்பது? வளர்மதியை அனுப்ப முடியாது. ஹேமலதாவே துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். முக்கால் மணி நேரம். கண் கொவ்வைப்பழமாகிவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ அரத்தை வைத்துத் தேய்ப்பது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருமினாள். 'ஒரு நாளைக்கே இப்படியா, அந்தக்கா எப்படித்தான் செய்யுதோ' என்று நினைத்தாள். அதற்கு மேல் அன்றைக்கு நினைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் பூங்காவனம் வந்தாள். கையில் மஞ்சள் கயிறு, டப்பாவில் மாவிளக்கு மாவு. முகம் தெளிந்திருந்தது. மாடிப்படியை நிற்காமல் ஏறி வந்தாள்.

"சிஸ்டர், ஆத்தா எடுத்துட்டா! மொத ரெண்டு நாளு இருந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு இருமல் கெடையாது. பால்கொடத்தத் தலையில வச்சுக்கிட்டு ஏரிக்கரையிலேருந்து கோயில் வரைக்கும் நடந்தேன். லாரியெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, தூசியும் அதே தூசிதான். மூச்சு எளைக்கலியே! ஆத்தா மகிமைய என்னன்னு சொல்றது?"

ஹேமலதா மாவை வாயில் போட்டவள் விழுங்க மறந்தாள். தூசிக்குள் பத்து நாள் இருந்தவளுக்கு இருமல் நின்றுவிட்டது. நல்ல காற்றில், தான் பார்த்துக் கொடுத்த வீட்டில் இருந்தபோது இருமினாள். போன ஞாயிறு தன் நெஞ்சில் தேய்த்த அரம் இப்போதும் தேய்த்தது. அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது, விளங்காமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மிஷினுக்கு இப்பவே போன் போடறேன். சென்னையிலேருந்து வர பத்து நாளாவது ஆகும். திங்கக்கெழம மூணு சிசேரியன் இருக்கு, ஒண்ணு ரெட்டப்புள்ள. என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

ஜெயசுதாவின் குழந்தை ஹேமலதாவின் கைக்குள் மறுபடி கனத்தது. "இந்த ஞாயித்துக்கெழம புகை போட்டுடலாம் டாக்டர். நானே போய்த் துடைச்சுடறேன்" என்றாள்.

பூங்காவனத்திடம் மட்டும் அவள் சொல்லவில்லை. வியாழன் சொல்ல நினைத்தாள், வெள்ளி நினைத்தாள். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மிஷினைத் திருப்பி அனுப்பியது யார், பலகை அடைக்கும்போது பக்கத்தில் நின்றது யார், ஆட்டை விற்க வைத்தது யார் என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தான்தான் துடைக்கப் போகிறோமே, மிஷின் வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். "ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாங்க்கா, ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் சொன்னாள். பூங்காவனம் அதைப் பிரியத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். அப்படித்தானே எடுத்துக்கொள்வாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாடாலூரிலிருந்து வலி எடுத்த ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். குழந்தை திரும்பியிருந்தது. ஹேமலதா பிரசவ அறைக்குள் போனவள் வெளியே வர முடியவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றேகால் ஆனது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பூங்காவனம் வந்திருக்கிறாள். தியேட்டர் கதவில் டேப் இன்னும் கிழிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"சிஸ்டரு பாவம், அங்க தனியா அல்லாடுது. இதையும் அதுவா வந்து செய்யும்? எனக்குத்தான் இப்ப நெஞ்சு நல்லாருக்கே" என்று வளர்மதியிடம் சொல்லிவிட்டுத் துண்டை நனைத்தாளாம்.

குழந்தை அழும் சத்தம் கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஹேமலதா ஓடிவந்தபோது மணி நாலு. தியேட்டர் வாசலில் பூங்காவனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். மூச்சு உள்ளே போகாமல் விசிலடித்தது. மூச்சைத் திறக்க முகத்தில் மருந்துப் புகை வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சு திறக்கவில்லை. களத்திலிருந்து அங்கமுத்து வெங்காயச் சருகு ஒட்டிய சட்டையோடு ஓடிவந்தார். பூங்காவனம் மாஸ்க்கை விலக்கி அவரிடம் சொன்னாள்.

"ஊருக்குப் போயிட்டு வந்தது... ஒத்துக்கல போலருக்கு... அந்தத் தூசி..."

அதற்கு மேல் பேச முடியவில்லை. திருச்சிக்குப் போகும் ஆம்புலன்ஸில் ஹேமலதாதான் பக்கத்தில் உட்கார்ந்து காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தாள். சமயபுரம் தாண்டும்போது அமுக்குவதில் அர்த்தமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் கையை எடுக்கவில்லை. இறக்கும்போது பூங்காவனத்தின் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைத் தடவினாள், பிறகு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை மூன்று சிசேரியனும் நல்லபடியாக முடிந்தன. ரெட்டைப் பிள்ளைகள் இரண்டும் ஆண்.

காரியம் முடிந்த மறுவாரம் அங்கமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். மிஷின் வந்து வேலை செய்துகொண்டிருந்தது. நெடியில்லாத வார்டில் ஒருவர் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் சிமென்ட் பெஞ்சில் அங்கமுத்து உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மடியிலிருந்து இரண்டு வெள்ளைத்தாளும் ஒரு பேனாவும் எடுத்தார்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குறாங்களாம்மா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கூருத் தூசிதான் அவள அழிச்சுடுச்சுன்னு எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா வைத்தியப் பாஷையில எழுதுவீங்க, கேப்பாங்க. இன்னும் அந்த ஊருல எத்தன பொம்பளைங்க இருமிக்கிட்டு இருக்காங்க. நீங்க அன்னிக்கு வந்து சொல்லலன்னா அவ இன்னும் மொதல்லயே போயிருப்பா. நான்தான் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போயிக் கெடுத்துட்டேன்."

ஹேமலதா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினாள். அடுத்த வரிக்குப் பேனா போகவில்லை. எழுதியிருக்கலாம். அங்கமுத்து நம்புவார், ஊரே நம்பும். அந்த ஊரில் தூசியும் பொய்யில்லையே. ஆனால் இந்த மனுஷன் திருவிழாவுக்குக் கூட்டிப்போனதை நினைத்து ஆயுசுக்கும் புழுங்குவார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அது ஊருத் தூசி இல்லீங்க" என்றாள். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. புகையைச் சொன்னாள், மிஷினைச் சொன்னாள், அடைத்த பலகையைச் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அங்கமுத்து முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"இது எப்பம்மா தெரியும் உங்களுக்கு?"

"அவங்க ஊருலேருந்து வந்த புதன்கெழம."

"அவ ஞாயித்துக்கெழமதான உள்ள போனா?"

"ஆமாங்க."

"அவகிட்ட சொன்னீங்களா?"

ஹேமலதா இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் திட்டுவார், அடிப்பார் என்றுகூட அவள் நினைத்தாள். அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனேம்மா. அந்தத் தூசிக்குள்ளயே உசுரோட இருந்துருப்பாளே" என்றார். பிறகு அவர் தாளைக் காட்டினார். "எழுதுங்க. இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க."

அவள் எழுதினாள். டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர், தேதி எல்லாம் போட்டு எழுதினாள். முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினாள். 'புதன்கிழமையே தெரிந்திருந்தும் ஹெட் நர்ஸ் ஹேமலதா என் மனைவியிடம் சொல்லவில்லை' என்ற இடத்தில் குரல் எழும்பவில்லை.

"அந்த வரிய இன்னொரு தடவ படிங்கம்மா, சரியாக் காதுல வுழல" என்றார் அங்கமுத்து.